பழைய பாலம் நிற்கட்டும்: கேள்வி – பதில்

போன முறை டெபியன் லினக்ஸின் 'சிட்' பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். இறாலுக்கு வீசிய வலையில் கொடுவா விழுந்த கதையாக, கேள்விகள் கனமாக வந்து சேர்ந்திருக்கின்றன. சிலதுக்கு ஒரு வரிதான் பதில். சிலதுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

சிட்டுக்கு 'அன்ஸ்டேபிள்' என்று அதைச் செய்தவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டே அதற்குள் ஏன் இறங்க வேண்டும்?
— கல்லடி வாசகர்

அந்தச் சொல்லுக்கு 'அடிக்கடி விழும்' என்று பொருளில்லை, 'அடிக்கடி மாறும்' என்றுதான் பொருள். நம் மட்டக்களப்பு வாவித் தண்ணீரை எடுங்கள். மாரி வெள்ளம் வந்தால் உப்புக் குறையும், கோடையில் கூடும். அதற்காக வாவி பழுதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீரைப் பார்த்து வலையை மாற்றுகிறார்கள்.

டெபியனில் ஒரு பொதி, அதாவது ஒரு மென்பொருளும் அதை நிறுவும் குறிப்புகளும் சேர்ந்த கட்டு, முதலில் வந்து இறங்கும் துறை அன்ஸ்டேபிள். பெரிய பிழை அகப்படாமல் அங்கே வழக்கமாக 5 நாள் தாக்குப்பிடித்தால் 'டெஸ்டிங்'குக்கு நகரும். அவசரம் என்றால் 2 நாள், ஆறுதல் என்றால் 10. டெஸ்டிங்கை ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உறையவைத்து, பிழை களைந்து, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுகிறார்கள். 2025 ஓகஸ்ட் 9இல் வந்த டெபியன் 13 அப்படி வந்ததுதான். அதன் பெயர் 'ட்ரிக்ஸி'.

பெயர்கள் எல்லாம் 'டோய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பொம்மை. அன்ஸ்டேபிளுக்கு மட்டும் நிரந்தரமாக ஒரே பெயர், சிட். படத்தில் அவன் பக்கத்து வீட்டில் இருந்து பொம்மைகளை உடைக்கிற பொடியன். பெயர் வைத்தவர்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

டெவலப்மென்ட் வெர்சன் போட்டால் நானும் டெவலப்பர்தானே?
— புதூர் வாசகர்

வாவிக்கரையில் காணி வாங்கினால் நீந்தத் தெரிந்துவிடுமா?

'அப்கிரேட்' என்றும் 'ஃபுல்-அப்கிரேட்' என்றும் இரண்டு கட்டளை இருக்கின்றன. நான் எப்போதும் முழுசாகவே செய்கிறேன். பிழையா?
— வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவர்

தம்பி, பிழை கட்டளையில் இல்லை. அது கேட்கிற கேள்வியை வாசிக்காமல் 'வை' (ஆம்) அழுத்துவதில் இருக்கிறது.

டெபியனில் பொதிகளை நிறுவுவதும் நீக்குவதும் 'ஆப்ட்' என்ற கருவி. அதில் 'ஆப்ட் அப்கிரேட்' ஒரு மரியாதைக்காரன். இருப்பதைப் புதுப்பிப்பான், தேவையென்றால் புதிதாக ஒன்றிரண்டைக் கொண்டுவருவான். எதையும் வெளியே தள்ளமாட்டான். தள்ளாமல் முடியாது என்றால் அந்தப் பொதியை அப்படியே விட்டுவைப்பான். 'ஃபுல்-அப்கிரேட்' வேறு ஆள். புதியது ஒன்றை உள்ளே கொண்டுவரப் பழையது நூறு தடை என்றால், நூறையும் தூக்கி வெளியே போட்டுவிட்டு 'வேலை முடிந்தது' என்பான். கணக்குப்படி அவன் சொல்வது சரி. வீட்டுக்காரன்தான் நடுத்தெருவில் நிற்பான்.

2021இல் உலகமே இதைப் படமாகப் பார்த்தது. யூடியூப்பில் கணினி விமர்சனம் செய்யும் லைனஸ் செபஸ்டியன் (லினக்ஸை ஆக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் வேறு, குழம்பவேண்டாம்) 'பாப் ஓஎஸ்' என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான 'ஸ்டீம்' மென்பொருளை நிறுவப் போனார். அந்த நேரம் பொதிகளுக்குள் ஒரு சிக்கல் இருந்தது. முக்கியமானவற்றை நீக்கப் போகிறேன் என்று ஆப்ட் எச்சரித்தது. அதையும் மீறவேண்டுமானால் 'ஆம், நான் சொன்னபடி செய்' என்று ஆங்கிலத்தில் முழு வசனமாகத் தட்டவேண்டும். மனிதர் தட்டினார். டெஸ்க்டொப் முழுவதும் போயிற்று. அதற்குப் பிறகு அந்த வசனத்தைத் தட்டினால் மட்டும் போதாது என்று ஆப்ட்டையே மாற்றினார்கள்.

அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரிப்புக்கு வட்டி 2024 மார்ச்சில் வந்தது. லினக்ஸ் கணினிகள் 1970இலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. 32 பிட் எண்ணிக்கை 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும். அதைச் சரிக்கட்ட டெபியன் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளை மாற்றிக் கட்டி, பெயருக்குப் பின்னால் 'டி64' என்று வால் ஒட்டியது. 64 பிட் கணினிக்கு அந்த நோய் இல்லை, ஆனாலும் பெயர் மாற்றம் எல்லோருக்கும்தான். சில கிழமைகளுக்குச் சிட்டில் பாதிப் பொதிகள் வால் உள்ளவை, பாதி வால் இல்லாதவை. நான் ஒரு நாள் வெள்ளாப்பில், நித்திரைக் கண்ணோடு ஃபுல்-அப்கிரேட் கொடுத்து, நீளப் பட்டியலைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் 'வை' அழுத்தினேன். விடிந்தபோது டெஸ்க்டொப் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் ஒழுங்கு இது. முதலில் சாதாரண அப்கிரேட். பிறகு ஃபுல்-அப்கிரேட்டை 'சிமுலேட்' தெரிவோடு ஓட்டி, செய்யாமல் செய்துகாட்டச் சொல்வேன். 'நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழே உள்ளதைத்தான் முதலில் வாசிப்பேன். ஆப்ட் 3.0 அதைச் சிவப்பில் தனியே காட்டுகிறது, பார்க்கவில்லை என்று இனிச் சாட்டுச் சொல்லமுடியாது. அங்கே பழைய நூலகம் ஒன்று போய் அதற்குப் பதிலாகப் புதியது வருகிறது என்றால் சம்மதம். என் டெஸ்க்டொப்பின் பெயரோ லிப்ரே ஆபீஸோ தெரிந்தால் 'என்' (இல்லை) அழுத்திவிட்டு இரண்டு நாள் பொறுப்பேன். பெரும்பாலும் மூன்றாம் நாள் தானாகத் தெளிந்துவிடும். கலங்கின தண்ணிக்குள் கைவிட்டால் இன்னும் கலங்கும்.

ஏற்கனவே 'வை' அழுத்தித் தொலைத்தவர்களுக்கு ஒரு ஆறுதல். எதை எந்த நேரம் நீக்கியது என்று ஆப்ட் தன் 'ஹிஸ்டரி' கோப்பில் ஒளிக்காமல் எழுதிவைக்கும். அதைப் பார்த்துத் திரும்பப் போடலாம். நானும் அப்படித்தான் மீண்டேன்.

அப்கிரேட் செய்ய நல்ல நேரம் பார்க்கவேண்டுமா?
— களுதாவளை வாசகி

கட்டாயம். மறுநாள் போயா விடுமுறையாக இருக்கவேண்டும், பற்றரி நிரம்பியிருக்கவேண்டும், அடுத்த மேசையில் இன்னொரு கணினியோ ஃபோனோ இணையத்தோடு இருக்கவேண்டும். ராகு காலம் உங்கள் விருப்பம்.

என்னுடைய கொமியூனிகேஷனில் மூன்று கணினிகள். விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். புதிது புதிதாக எல்லாம் வருகிறதே என்று சிட் போடலாமா என யோசிக்கிறேன்.
— காத்தான்குடி கடைக்காரர்

நானா, வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. பழைய கணினிக்கு லினக்ஸ் போடுவதும் நல்ல யோசனை. ஆனால் உங்கள் கடையில் சாதாரண தர விண்ணப்பம் அச்சடிக்க ஒரு பிள்ளை வரிசையில் நிற்கும். அந்த நேரம் அச்சுப்பொறி நூலகம் 'மாறிக்கொண்டிருக்கிறது' என்று அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்? மூன்றிலும் ஸ்டேபிள் போடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக இறங்க விடுங்கள்.

சிட்டைப் பார்க்க ஆசை என்றால் வீட்டில் பழைய லெப்டொப் ஒன்று கிடக்கும்தானே, அதில். அல்லது கணினிக்குள் கணினியாக, 'வர்ச்சுவல் பொக்ஸ்' மாதிரி ஒன்றுக்குள். அதற்குள் என்ன உடைந்தாலும் கல்லாப்பெட்டிக்குச் சேதமில்லை.

இன்னொன்று. மூன்று கணினியும் ஒரே பொதியை மூன்று தடவை இறக்குவது டேட்டா தண்டம். 'ஆப்ட்-கேச்சர்' என்று ஒன்று உண்டு. ஒரு கணினி இறக்கியதை மற்ற இரண்டும் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

அப்கிரேட் நடுவில் கரண்ட் போனால்?
— வாழைச்சேனை வாசகர்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாட்டுக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கு நாடே இருண்டது. நம் ஊரில் கரண்டுக்குக் காரணம் கேட்கக்கூடாது, மாற்று வழிதான் கேட்கவேண்டும்.

அப்கிரேட் என்பது ஒரே வேலை இல்லை. இறக்குவது, பிரிப்பது, பொருத்துவது என்று தொடர்ச்சியாக நடக்கும். இறக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது, மறுகா விட்ட இடத்திலிருந்து இறக்கலாம். பிரித்துப் பொருத்தும்போது போனால்தான் தலையிடி. பாதி பழையது, பாதி புதியது என்று கணினி நடுவாவியில் நிற்கும்.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். இரவு டேட்டா மலிவான நேரத்தில் 'டவுன்லோட்-ஒன்லி' தெரிவைக் கொடுத்து இறக்கி மட்டும் வைக்கலாம். பகலில், பற்றரி நிரம்பிய பிறகு, நிறுவலாம். பற்றரி செத்த லெப்டொப்பும் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியும் சிட்டுக்குப் பொருத்தமான வாகனங்கள் அல்ல.

அப்படியும் நடந்துவிட்டால் பதறி மறுபடி மறுபடி கணினியை அணைக்கவேண்டாம். எந்தப் பொதி எந்தப் படியில் நின்றது என்று ஆப்ட்டுக்கு அடியில் வேலைசெய்யும் 'டிபிகேஜி' குறித்து வைத்திருக்கும். அதனிடம் 'கன்ஃபிகர்' கட்டளையை 'எல்லாவற்றுக்கும்' என்ற தெரிவோடு கொடுங்கள், விட்ட வேலையை முடிக்கப் பார்க்கும். மிச்சத்தை ஆப்ட்டின் 'ஃபிக்ஸ்-ப்ரோக்கன்' தெரிவு பார்த்துக்கொள்ளும். சிலர் பூட்டுக் கோப்பை அழித்துவிட்டுத் தொடரச் சொல்வார்கள். உள்ளே வேறொரு ஆப்ட் உண்மையில் ஓடிக்கொண்டிருந்தால், அது ஓடுகிற வள்ளத்தின் அடிப்பலகையைக் கழற்றுகிற வேலை.

சிட்டிலிருந்து ஸ்டேபிளுக்குத் திரும்பி வரலாமா?
— குருமண்வெளி வாசகர்

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை ஏறினால், அதே பாதையில் எழுவான்கரைக்குத் திரும்பி வரலாம். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே 'பாதை' என்றால் தண்ணீர் கடக்கும் மிதவை, நடக்கிற வழி இல்லை.) சிட்டிலிருந்து ஸ்டேபிளுக்கு அப்படிப் பாதை கிடையாது. பதிப்பு எண் கீழே இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. புதிய மென்பொருள் தன் அமைப்புக் கோப்பையும் தரவையும் புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டிருக்கும். பழையவன் வந்து பார்த்தால் அவனுக்கு வாசிக்கவே தெரியாது. கோப்புகளை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் நேர்வழி.

டெபியன்காரரே திரும்பவேண்டி வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? 2024இல் 'எக்ஸ்இசட்' என்ற பொதியின் 5.6.1 பதிப்பைக் கைவிட்டு 5.4.5க்குப் போகவேண்டி வந்தது. எண் கீழே இறங்கக்கூடாதே. அதனால் '5.6.1+ரியலி5.4.5' என்று பெயர் வைத்தார்கள். '5.6.1, ஆனால் உண்மையாகச் சொன்னால் 5.4.5'. வயதைக் கேட்டால் சில பேர் சொல்கிற மாதிரி.

ஒரு தந்திரம் உண்டு, டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மட்டும். மூலப் பட்டியலில் 'டெஸ்டிங்' என்று எழுதாமல் அந்த நேரத்து டெஸ்டிங்கின் பெயரை எழுதுங்கள். ட்ரிக்ஸிக்கு அடுத்தது 'ஃபோர்கி'. ஃபோர்கி என்று எழுதியிருந்தால், அது ஸ்டேபிள் ஆகும் நாளில் நீங்களும் இருந்த இடத்திலிருந்தே ஸ்டேபிள் ஆகிவிடுவீர்கள். 'டெஸ்டிங்' என்று எழுதியிருந்தால், வெளியீட்டுக்கு மறுநாளே அடுத்த கலக்கத்துக்குள் இழுபடுவீர்கள்.

அந்த 'எக்ஸ்இசட்' கதை என்ன? சிட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கள்ளன் வந்தானாமே. அப்படியென்றால் அது ஆபத்துத்தானே?
— செங்கலடி வாசகர்

கள்ளன் வந்தது உண்மை. பிடித்தவரும் சிட்டில் இருந்தவர்தான். ஆகவே கதையை முழுசாகச் சொல்லவேண்டும்.

எக்ஸ்இசட் என்பது கோப்பைச் சுருக்கும் சிறிய கருவி. யாரும் கவனிக்காத, ஆனால் எல்லோர் வீட்டிலும் இருக்கும் உப்புச் சிரட்டை மாதிரி. அதை ஒருவர் தனியாளாகப் பராமரித்துவந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு பின்கதவை வைத்தார். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் 'எஸ்எஸ்எச்' வாசலை அது குறிவைத்தது. எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடிச் சொந்தம் இல்லை. டெபியன் போன்றவை எஸ்எஸ்எச்சைக் கணினியின் சேவைகளை நடத்தும் 'சிஸ்டம்டி'யோடு கட்டியிருந்தன, சிஸ்டம்டி எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கூட்டிவந்தது. சொந்தக்காரரின் சொந்தக்காரர் வழியாக வந்த கள்ளன்.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தள நிரலாளர் டெபியன் சிட்டில் வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி பிந்துவதைக் கண்டார். அரை நொடிதான். நம்மில் பலர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு மறந்திருப்போம். அவர் விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளியன்று உலகுக்குச் சொன்னார். ஸ்டேபிள் எதற்கும் அது போய்ச்சேரவில்லை. டெபியனின் சிட், டெஸ்டிங், ஃபெடோராவின் 'ராஹைட்', ஓப்பன்சூஸேயின் 'டம்பிள்வீட்' என்று வளர்நிலையில் இருந்தவைதான் மாட்டின. உபுண்டு தன் 24.04 முன்னோட்டப் பதிப்பையே ஒரு கிழமை தள்ளிவைத்து, அந்தப் பின்கதவு வந்தபின் கட்டிய பொதிகளையெல்லாம் திரும்பக் கட்டியது.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், ஆபத்துத்தான். கரைவலையில் முதலில் கழுத்தளவு தண்ணீரில் இறங்குபவருக்கும் ஆபத்துத்தான். அவர் இறங்காவிட்டால் கரையில் நிற்பவருக்கு மீன் இல்லை. வங்கி, கச்சேரி, ஆஸ்பத்திரிக் கணினிகளில் ஓடும் ஸ்டேபிளுக்குள் அந்தப் பின்கதவு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சிட்டில் இருப்பவர் தன் கணினியில் வங்கிக் கணக்கையும் அலுவலகத் திறப்புகளையும் எவ்வளவு வைப்பது என்பதையும் அப்படியே யோசிக்கட்டும்.

அப்படியானால் நடுவில் இருக்கும் டெஸ்டிங்தான் பாதுகாப்பு?
— ஆரையம்பதி வாசகர்

எல்லோரும் நினைப்பது அதுதான், நானும் நினைத்தேன். பாதுகாப்புத் திருத்தம் ஸ்டேபிளுக்குத் தனிக் குழு வழியாக நேரே வரும். சிட்டுக்கும் புதுப் பதிப்பாக உடனே வரும். டெஸ்டிங் பெரும்பாலும் சிட்டில் நாள் எண்ணி முடியும்வரை காத்திருக்கும். பெரிய மாற்றம் ஒன்று சிக்கிக்கொண்டால் அந்தக் காத்திருப்பு கிழமைக் கணக்கில் நீளும். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கக் காற்றும் படும்.

ஸ்டேபிள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்தானே?
— ஏறாவூர் வாசகர்

2023 டிசம்பரில் டெபியன் 12இன் 12.3 திருத்தம் வரவேண்டிய நாளன்று, அதிலிருந்த 6.1.64 கேர்னல் (இயங்குதளத்தின் கரு) கோப்புகளைச் சிதைக்கக்கூடியது என்று தெரிந்தது. வெளியீட்டை நிறுத்தி, மறுநாள் 10ஆம் திகதி நேரே 12.4 என்று விட்டார்கள். விண்டோஸ் 10இன் 2018 ஒக்டோபர்ப் புதுப்பிப்பு சிலரின் ஆவணங்களையே அழித்ததால் சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. முன்னோட்டப் பதிப்பில் இருந்தவர்கள் அதை முன்பே முறையிட்டிருந்தார்கள், முறைப்பாடு குவியலில் தாழ்ந்துபோயிருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே செய்யுங்கள்.

வட்டில் இடம் இல்லை. பழைய கேர்னல்களை அழித்துவிடவா?
— மஞ்சந்தொடுவாய் வாசகர்

கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். 2013இல் புதிய பாலம் திறந்தார்கள். பழைய இரும்புப் பாலத்தை இடித்துத் தள்ளவில்லை. பக்கத்திலேயே நிற்கிறது, ஆட்கள் நடந்துபோகிறார்கள். கேர்னலுக்கும் அதே ஒழுங்குதான். புதியது வந்து, மறுதொடக்கம் செய்து, வைஃபை, ஒலி, திரை எல்லாம் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும்வரை பழையதில் ஒன்றாவது இருக்கட்டும். புதியது எழும்பவில்லை என்றால், தொடக்கத்தில் வரும் 'கிரப்' பட்டியலில் 'மேம்பட்ட தெரிவுகள்' என்பதற்குள் போய்ப் பழையதில் ஏறலாம்.

அதற்காக ஏழெட்டு வைத்திருக்கவும் வேண்டாம். 'பூட்' பகுதி நிரம்பினால் அடுத்த கேர்னல் பாதியில் நிற்கும். ஆப்ட்டின் 'ஆட்டோரிமூவ்' ஓடுகிறதையும் அதற்கு முந்தியதையும் விட்டுவைத்து மற்றதைக் கூட்டிப் பெருக்கும். கையால் அழிக்கப்போய் ஓடிக்கொண்டிருக்கும் பாலத்தையே கழற்றியவர்கள் உண்டு.

யூஎஸ்பி வைஃபைக் குச்சிக்குக் கையால் இயக்கி கட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். புதிய கேர்னலுக்கு அது தானாகக் கட்டுப்படாமல் போகலாம். இணையம் போனபின் இணையத்தில் மருந்து தேடமுடியாது. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் கொழுவி இணையம் எடுக்கத் தெரிந்து வைத்திருங்கள்.

டைம்ஷிஃப்ட் போட்டிருக்கிறேன். வேறு பேக்கப் தேவையா?
— களுவாஞ்சிக்குடி வாசகர்

அதே வட்டில்தானே வைத்திருக்கிறீர்கள்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அப்கிரேட் பிழைத்தால் இயங்குதளத்தை நேற்றைக்குத் திருப்ப டைம்ஷிஃப்ட் அருமையான கருவி. வழக்கமாக அது உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது, வட்டு செத்தால் அதுவும் கூடவே சாகும். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் சுனாமியில் வீட்டோடு போன கரை இது. ஒரு பிரதி வேறு கூரையின் கீழே இருக்கவேண்டும் என்று நமக்கு இன்னொருவர் சொல்லித்தரவேண்டியதில்லை.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ஊரில் அம்மாவின் கணினியில் சிட் போட்டு, இங்கிருந்தே எஸ்எஸ்எச் வழியாக அப்கிரேட் செய்துகொடுக்கலாமா?
— கனடா வாசகர்

இணைப்பு நடுவில் அறுந்தாலும் வேலை நிற்காமல் இருக்க 'டிமக்ஸ்'சுக்குள் ஓட்டுங்கள். இது உங்கள் கேள்விக்குத் தொழில்நுட்பப் பதில். மற்றப் பதில்: கணினி எழும்பாமல் போனால் ரொறன்ரோவில் நள்ளிரவு இரண்டு மணிக்கு எழும்பி, 'அம்மா, கறுப்புத் திரையில் என்ன எழுதியிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள்' என்று வட்ஸ்அப்பில் கேட்கப்போகிறவர் நீங்கள்தான். ஸ்டேபிள் போட்டுக்கொடுங்கள் தம்பி. பேரப்பிள்ளையின் முகம் தெரிந்தால் அம்மாவுக்குப் போதும், பதிப்பு எண் வேண்டாம்.

2025இல் நிம்மதியாக இருந்த சிட், ட்ரிக்ஸி வெளிவந்தபின் ஏன் திடீரென்று குழம்பியது?
— கொக்கட்டிச்சோலை வாசகர்

கூர்மையான கண் உங்களுக்கு. 2025 மார்ச் 15இல் ட்ரிக்ஸிக்கான உறைநிலை தொடங்கியது. அதிலிருந்து பெரிய மாற்றங்களுக்குத் தடை. பராமரிப்பாளர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, புதியவற்றைச் சேர்த்துவைத்தார்கள். ஓகஸ்ட் 9இல் வெளியீடு முடிந்ததும் எல்லாம் ஒரேயடியாகச் சிட்டுக்குள் இறங்கின.

மாரியில் வாவி நிரம்பிப் படுவான்கரை வயல் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள் அல்லவா? தேங்கியிருந்த தண்ணீர் கடலுக்குப் பாய்கிற அந்த நேரம் வாய்க்காலில் யாராவது தோணி இறக்குவார்களா? வெளியீட்டுக்குப் பின் வரும் கிழமைகளில் சிட்டும் அப்படித்தான். அந்த நாட்களில் 'ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ்' கட்டாயம் வேண்டும். நிறுவுவதற்கு முன் அந்தப் பொதியைப் பற்றிப் பாரதூரமான பிழை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். இருந்தால் அந்தப் பொதியை மட்டும் 'ஹோல்ட்' போட்டுக் கட்டிவைக்கலாம். கட்டியதை அவிழ்க்க மறக்கவேண்டாம். ஒரு வருடம் கட்டிக்கிடந்த பொதி தன்னோடு நாற்பதைக் கட்டிவைத்திருக்கும். பயந்து ஆறு மாதம் அப்கிரேட்டே செய்யாமல் விடுவதும் அதே வினைதான். சிட் சிறு சிறு எட்டு வைப்பவனுக்கானது, நீளப் பாய்ச்சல் பாய்பவனுக்கு அல்ல.

அப்கிரேட்டுக்குப் பின் தமிழ் எழுத்து வரவில்லை. ரெங்கநாதன் விசைப்பலகையைக் காணோம். பாமினிக்கே திரும்பிவிடலாம் போலிருக்கிறது.
— பெரியகல்லாறு ஆசிரியை

டீச்சர், பழைய பாமினி எழுத்துருவுக்குத் திரும்பினால் உங்கள் வினாத்தாள் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். அந்தத் துன்பம் நாம் பட்டது போதும். ரெங்கநாதன் பெரும்பாலும் போயிருக்காது. 'ஐபஸ்' என்ற உள்ளீட்டு முறையும் அதற்குள் 'எம்17என்' பொதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெஸ்க்டொப் புதுப் பதிப்புக்கு மாறும்போது உள்ளீட்டு முறைத் தெரிவு சில நேரம் பழைய நிலைக்குப் போய்விடும். அமைப்பில் தமிழைத் திரும்பச் சேர்த்து, வெளியேறி நுழைந்தால் வரவேண்டும்.

வராவிட்டால், நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று உண்டு. பிழையைப் பதிவு செய்யுங்கள். 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அதுவே மின்னஞ்சலாக அனுப்பும். ஆங்கிலம் பிழைத்தால் யாரும் அடிக்கமாட்டார்கள். எந்தப் பதிப்புக்கு முன் ஓடியது, எதற்குப் பின் நின்றது, என்ன தட்டினீர்கள், என்ன வந்தது என்று எழுதினால் போதும். பெர்லினில் இருக்கும் நிரலாளர் 'மட்டக்களப்பு' என்று தட்டிப் பார்க்கப் போவதில்லை, 'கொ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறதா என்றும் பார்க்கமாட்டார். சிட்டில் அதை யாரும் பார்க்காவிட்டால், அந்தப் பிழை அப்படியே ஸ்டேபிளாகி, இரண்டு வருடத்துக்கு எல்லாப் பள்ளிக்கூடக் கணினியிலும் உட்கார்ந்திருக்கும்.

நாம் எங்கே, அவர்கள் எங்கே என்று நினைக்கவேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களுக்குப் பொருள் பங்கிடவும் இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சகானா' மென்பொருளைத்தான் மறுவருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்படுத்தினார்கள்.

தங்கச்சியின் லெப்டொப்பில் அவளுக்குத் தெரியாமல் சிட் போட்டுவிட்டேன். உயர்தரச் செயற்றிட்டம் அதற்குள் இருக்கிறது. இப்போது என்ன செய்ய?
— தாண்டவன்வெளி வாசகர்

முதலில் செயற்றிட்டத்தைப் பென் ட்ரைவில் எடுங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்கள். நீங்கள் எதில் இருக்கிறீர்கள்?
— நாவற்குடா வாசகி

இந்தப் பத்தியைத் தட்டும் கணினியில் ஸ்டேபிள். பக்கத்து மேசையில் பழைய லெப்டொப் ஒன்றில் சிட். இன்று காலையும் அப்கிரேட் கேட்டது. நீக்கப்படும் பட்டியலில், சிவப்பில், ஐபஸ் இருந்தது. 'என்' அழுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். நாளைக்குக் கேட்டுப் பார்ப்பேன்.